ஆடறதெல்லாம் சின்ன டேபிள், உக்காந்து பாக்கறது மட்டும் பெரிய டேபிள்... ஏனுங்க இப்படி?

காஜாபட்டன்_திருப்பூர்:

ஏனுங்க, க்யூ, அதான் பந்தக் குத்தி ஓட்டைல போடற குச்சி, புடிச்சுப் பழகுனவங்க யாராச்சும் இங்க இருந்தா ஒரு வெளக்கம் சொல்லுங்க. நானும் எங்க மச்சானும் சேந்து பல்லடம் ரோட்டுல ஒரு பேக்கரிக்கு மேல மாடில பார்லர் நடத்தறோமுங்க, மூணு வருசமாச்சு. பூல் டேபிள் ரெண்டு, ஸ்னூக்கர் டேபிள் ஒண்ணு. அந்த மொத பேர போர்டுல தமிழ்ல எழுதலாம்னு போனா ஃப்ளெக்ஸ் அடிக்கற அண்ணன் சீட்ட வாங்கிப் பாத்துட்டு அரை மணி நேரம் சிரிக்கறாரு, ஏன்னு உங்களுக்கே தெரியும். அன்னைலேர்ந்து எங்க கடைல அது சின்ன டேபிள், ஸ்னூக்கர் பெரிய டேபிள். இங்கயும் அப்படியே சொல்லிக்கறேன்.

சின்ன டேபிள் ரெண்டும் பொழுதோட ஆச்சுன்னா காலியே இருக்காதுங்க. கம்பெனி ஷிப்ட் முடிஞ்சு வர்ற பசங்க, காலேஜ் பசங்க, தோத்தவன் டேபிள் காசு கட்டோணும்னு போட்டி, சனிக்கெழமைன்னா படிக்கட்டு வரைக்கும் நிப்பாங்க. பெரிய டேபிள் பாதி நாளு துணியப் போத்திட்டு சும்மா கெடக்குது. 12க்கு 6 அடி டேபிளு, சுத்தி நின்னு குத்தறதுக்கு எடம் விட்டா 22க்கு 16 அடி ரூமு ஒட்டுக்கா போயிருது. மச்சான் அத வித்துப்போட்டு அந்த எடத்துல இன்னும் ரெண்டு சின்னது போட்டுரலாம்ங்கறாரு. கணக்குப் பாத்தா அவரு சொல்றது சரிதான்.

ஆனா ஒண்ணு நடந்துச்சுங்க. 2025 மே மாசம் இங்கிலாந்து ஷெஃபீல்டுல ஸ்னூக்கர் உலக சாம்பியன்ஷிப் ஃபைனலு, அந்த சைனாக்காரப் பையன் சாவ் ஷின்டோங்கும் மார்க் வில்லியம்ஸும். செவுத்துல இருக்கற டீவில போட்டு வுட்டேன். சின்ன டேபிள்ல நைன் பால் ஆடிட்டு இருந்த நாலு பசங்க க்யூவ செவுத்தோட சாத்திப்போட்டு வாயப் பொளந்துட்டு பாக்கறாங்க. மணிக்கணக்குக்குத்தான் காசு, மீட்டர் ஓடிட்டே இருக்குது, 'டேய் டைமு போகுது'ன்னு நானே சொல்றேன், 'இருங்ணா இந்த ஃபிரேம் முடியட்டும்'ங்கறானுங்க (ஃபிரேம்னா ஸ்னூக்கர்ல ஒரு ஆட்டம்). ஸ்னூக்கர் க்யூவ ஒரு நாள் தொட்டதில்ல அவனுங்க! சரி இவ்ளோ ஆர்வமா இருக்கறாங்களேன்னு இன்னொரு நாளு அவங்க ஆடற நைன் பால்லயே உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ச போட்டேன். ரெண்டு ரேக், அதான் ரெண்டு ஆட்டம் பாத்தானுங்க, அப்பறம் போன எடுத்து ரீல்ஸ் தள்ள ஆரம்பிச்சுட்டானுங்க.

ஆடறவன் எச்சா இருக்கற ஆட்டத்துக்குத்தான பாக்கறவனும் எச்சா இருக்கோணும்? கிரிக்கெட்டு அப்படித்தான இருக்குது. இது மட்டும் ஏன் தலகீழா இருக்குதுங்க?


மார்க்கர்_பேரன்_கோவை:

நல்ல கேள்விங்ணா. எங்க அப்புச்சி கோயமுத்தூர்ல ஒரு கிளப்புல முப்பது வருசம் மார்க்கரா இருந்தவரு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், மார்க்கர்னா ஸ்கோர் போர்டு பக்கத்துல நின்னு புள்ளி தள்ளறவரு, ஆட்டம் முடிஞ்சா டேபிள் துணிய பிரஷ் போட்டு நீவி அயர்ன் பண்றதும் அவருதான், மெம்பருக்கு ஜோடி இல்லீன்னா கூட ஆடறதும் அவருதான். சின்ன வயசுல லீவுக்கு போனா என்னைய ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெச்சுட்டு அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணு, 'பந்தப் பாக்காத சாமி, மீதி எவ்வளவு கெடக்குதுன்னு எண்ணு'.

அதுலதானுங்க விசயமே. ரெட்டு 15, ஒண்ணொண்ணும் 1 பாயிண்ட்டு. மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, ப்ளூ 5, பிங்க் 6, ப்ளாக் 7. ஒவ்வொரு ரெட்டுக்கும் ப்ளாக் அடிச்சா 8, பதினஞ்சு தாட்டி 120, கடைசில கலரு ஆறும் சேத்து 27, ஆக 147. இது தெரிஞ்ச எவனும் டேபிளப் பாத்த ஒடனே கணக்குப் போட ஆரம்பிச்சுருவான். ரெட்டெல்லாம் முடிஞ்சு கலரு மட்டும் நிக்குது, ஒருத்தன் 35 பின்னால இருக்கறான்னு வெச்சுக்கங்க. மேல கெடக்கறதே 27தான். எல்லாத்தையும் போட்டாலும் 8 பத்தல. அப்ப அவன் என்ன பண்ணுவான், வெள்ளைய, அதான் க்யூவுல குத்தற பந்த, கொண்டு போயி ஒரு கலருக்குப் பின்னால ஒளிச்சு வெப்பான், எதிராளி நேரா அடிக்க முடியாம ஃபவுல் பண்ணா கொறஞ்சது 4 கெடைக்கும், அப்படி ரெண்டு வாங்குனாத்தான் சமமாச்சும் ஆகும். தோத்துட்டான்னு நெனச்ச ஆளு திருட்டுப் பூனையாட்டம் ஒவ்வொண்ணா சேத்தறது இருக்குதே, அத எந்திரிச்சுப் போக மனசே வராதுங்க. கிரிக்கெட்ல 6 பால்ல 14 வேணும்ங்கற மாதிரிதான். ஆடத் தெரியோணும்னு அவசியமே இல்ல, எண்ணத் தெரிஞ்சாப் போதும். உங்க கடைப் பசங்க அன்னைக்கு என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு நெனைக்கறீங்க? கூட்டிட்டு இருந்துருப்பானுங்க.

நைன் பால்ல என்னங்க எண்ணறது? ஒண்ணாம் நம்பர்லேர்ந்து வரிசையா மொத தொடோணும், 9 உள்ள போச்சுன்னா ரேக்கு முடிஞ்சுது. ஒம்பதையும் ஒரே மூச்சுல அடிச்சவனுக்கும் ஒரு ரேக்கு, பிரேக்லயே, அதான் மொத குத்துலயே, குருட்டாம்போக்குல 9 விழுந்தவனுக்கும் அதே ஒரு ரேக்கு. ஒண்ணாம் நம்பர அடிக்க அது போயி ஒம்பதத் தள்ளி பாக்கெட்ல விட்டா அதுவும் செல்லும். ஆடறவனுக்கு அது குஷி, புதுசா வந்தவன் கூட பெரிய ஆள ஒரு ரேக் ஜெயிச்சுட்டு ஒரு வாரத்துக்கு சொல்லிட்டு திரிவான், அதனாலதான் உங்க சின்ன டேபிள் காலியாக மாட்டேங்குது. பாக்கறவனுக்குத்தான் அது உப்பில்லாத பண்டம்.

இன்னொண்ணு, கண்ணுக்கு அது லேசாத் தெரியுது. நைன் பால் டேபிள் ஒம்பதுக்கு நாலரை அடி, ஸ்னூக்கர் டேபிள்ல பாதிக்கு கொஞ்சம் எச்சு. பந்து மட்டும் பெருசு, 57 மில்லிமீட்டரு, ஸ்னூக்கர் பந்து 52.5 தான். பெரிய பந்து சின்ன டேபிள்ல டப்பு டப்புனு விழுந்தா 'இத நானே அடிப்பேனே'ன்னு தோணும். நெசத்துல அவன் வெள்ளைய மூணு குஷன் (டேபிள் ஓரச் செவுரு) சுத்தி அடுத்த பந்துக்கு நேரா ஒரு சாண் எடத்துல கொண்டாந்து நிறுத்தறதுதான் வித்தை, அதனாலதான் அடுத்தது லேசாத் தெரியுது. ஆனா அது க்யூ புடிச்சவனுக்கு மட்டுந்தான் வெளங்கும். நல்லா ஆட ஆட லேசாத் தெரியற ஆட்டம், பாவம் அத எவன் காசு குடுத்துப் பாப்பான்?


சிங்காநல்லூர்_லொள்ளு:

147 எல்லாம் சரிங்ணா, நான் அத அடிக்கறதுக்குள்ள டேபிள் காசு 1470 ஆயிருமே அதுக்கு என்ன பண்றது. நான் சின்ன டேபிள் பக்கமே நின்னுக்கறேன்.


பொள்ளாச்சி_எளநி:

மார்க்கர் பேரன் தம்பி சொல்றது பாதிதான் சரிங்க. எண்ணறதுக்கு ஒண்ணுமில்லாத ஆட்டம்னு சொல்லிப்போட்டீங்க. பூல்லயும் இருந்துச்சு, அந்த ஆட்டக்காரங்களே தூக்கிப் போட்டுட்டாங்க. ஸ்ட்ரெய்ட் பூல்னு ஒண்ணு, 15 பந்து, எந்தப் பந்து எந்தப் பாக்கெட்டுன்னு சொல்லி அடிக்கோணும், ஒண்ணுக்கு ஒரு பாயிண்ட்டு. 14 போனதும் மறுபடி அந்த 14ஐயும் அடுக்கிருவாங்க, மிச்சம் நின்ன ஒண்ண வெச்சுக்கிட்டு அடுக்க ஒடச்சு அப்படியே தொடரோணும். தப்பற வரைக்கும் ஆடலாம். வில்லி மாஸ்கோனின்னு அமெரிக்காக்காரரு 1954ல ஒஹையோவுல ஒரு எக்ஸிபிஷன்ல ஒரு பந்து கூட தப்பாம 526 போட்டாரு. 526! அது 65 வருசம் நின்னுச்சு, 2019லதான் ஜான் ஷ்மிட் 626 போட்டு தாண்டுனாரு. இந்த எண்ணிக்கை 147க்கு எதுல கொறஞ்சுதுங்க? ஆனா டீவிக்கு அது ஜவ்வா இழுக்குதுன்னு சொல்லி வேகமா முடியற நைன் பாலுக்கு மாறிட்டாங்க. எண்ணற சொகத்த எடுத்துட்டு வேகத்தக் குடுத்தாங்க, வேகத்த வெச்சு என்ன பண்றதுன்னு பாக்கறவனுக்குத் தெரியல.

அதவிடப் பெரிய வெசயம், எது ஆட்டம்னே அவங்களுக்குள்ள முடிவாகல. பார்ல ஆடறது எயிட் பால், டீவில நைன் பால், அதுல பிரேக்குக்கு அதிர்ஷ்டம் ஜாஸ்தின்னு டென் பால், இங்கிலாந்து பப்புல செவப்பு மஞ்ச பந்து வெச்சு சின்ன டேபிள்ல தனி ஆட்டம், சைனாவுல ஸ்னூக்கர் டேபிளாட்டம் வளஞ்ச பாக்கெட்டு வெச்சு ஹேபால். ஊருக்கு ஊரு கோலிகுண்டுக்கு சட்டம் இருக்குமே அந்தக் கதைதான். உங்க பசங்க உங்க கடைல எந்த ரூல்ல ஆடறாங்கன்னு கேட்டுப் பாருங்க, ரெண்டு டேபிளுக்கு ரெண்டு ரூல் சொல்லுவானுங்க.

துட்டு சமாச்சாரம் இன்னும் மோசம். 1996ல ஒரு டோர்னமெண்ட்ல தொடர்ந்து பத்து ரேக் அடிச்சா பத்து லட்சம் டாலர்னு அறிவிச்சாங்க, ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் பதினொண்ணு அடிச்சுட்டாரு. இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்க மாட்டேன்னு சண்டை புடிச்சு கடைசில கோர்ட்டுக்கு வெளில பேசி முடிச்சாங்க. 2006ல இன்டர்நேஷனல் பூல் டூர்னு வந்துச்சு, அமெரிக்காவுல ரீனோல பிலிப்பைன்ஸ்காரரு எஃப்ரன் ரேயஸ் ஜெயிச்சு 5 லட்சம் டாலர், ஆகா நம்ம ஆட்டத்துக்கும் விடிஞ்சுதுன்னு எல்லாம் பேசுனாங்க, பாத்தா மொத்தமா குடுக்கக் காசு இல்ல, தவணைல தர்றோம்னுட்டாங்க. சீட்டுப் புடிச்சவன் ஓடிப்போன மாதிரிதான். பூல்ங்கற பேரே பந்தயத்துக்கு எல்லாரும் போடற காசுலேர்ந்து வந்ததுதான், குதிரை ரேஸ் பெட்டிங் கடைல ரேசுக்கு நடுவுல பொழுது போக டேபிள் போட்டு வெச்சிருந்தாங்க. சூதாட்ட எடம்ங்கற பேரு ஒரு தாட்டி ஒட்டுச்சுன்னா லேசுல போகாதுங்க.

ஸ்னூக்கர் பக்கம் பாருங்க. பிபிசி 1969ல கலர் டீவி காட்டறதுக்கு தோதா பாட் பிளாக்னு ஒரு ஃபிரேம் ஆட்டம் போட்டாங்க, கலர் கலரா பந்து, வேறென்ன வேணும். 1977லேர்ந்து ஒரே ஊரு, ஒரே அரங்கு, ஷெஃபீல்டு குரூசிபிள். வருசா வருசம் நடக்குது, இப்பெல்லாம் 17 நாளு. ஆயிரம் பேரு கூட உக்கார முடியாத எடம், டேபிள்லேர்ந்து கை நீட்டுனா தொடற தூரத்துல சனம், ஒருத்தன் இருமுனா ஆடறவன் நிமுந்து பாப்பான். தேரோட்டத்துக்கு நாள் குறிச்ச மாதிரி எல்லாருக்கும் தெரியும் எப்ப எங்கன்னு. 1985 ஃபைனல்ல டென்னிஸ் டெய்லர் 0-8ல பின்னால இருந்து வந்து ஸ்டீவ் டேவிஸ கடைசி ஃபிரேம் கடைசி ப்ளாக்ல ஜெயிக்கறப்ப ராத்திரி பன்னெண்டு மணி தாண்டிருச்சு, 1 கோடியே 85 லட்சம் பேரு முழிச்சுட்டு உக்காந்து பாத்தாங்க. அந்த மேட்ச் பூராவும் டெய்லர் ஒரு தாட்டி கூட முன்னால இல்ல, அந்தக் கடைசிப் பந்து விழற வரைக்கும். இப்படி ஒரு ராத்திரி ஒரு ஆட்டத்துக்கு அமைஞ்சா அம்பது வருசத்துக்குத் தாங்கும்.


ஈரோடு_மஞ்சக்கெழங்கு:

அண்ணாங்களா, எல்லாரும் இங்கிலாந்துக் கண்ணாடி போட்டுட்டே பாக்கறீங்க. 'பாப்புலர் இல்ல'ன்னா எங்க இல்ல? பிலிப்பைன்ஸ்ல போயி எஃப்ரன் ரேயஸ் யாருன்னு கேட்டுப் பாருங்க, ஆட்டோக்காரரு வண்டிய நிறுத்திட்டு கத சொல்லுவாரு. 1999ல வேல்ஸ்ல கார்டிஃப்ல நடந்த உலக நைன் பால் சாம்பியன்ஷிப்ப ஜெயிச்சவரு. தைவான்லயும் பெரிய ஆட்டம்தான்.

இன்னொண்ணு நீங்க ஆம்பளைங்க ஒருத்தரும் சொல்லல, நான் சொல்றேன். ஆலிசன் ஃபிஷர், இங்கிலாந்துக்காரம்மா, பெண்கள் ஸ்னூக்கர்ல 7 உலகப் பட்டம். 1995ல அதெல்லாம் விட்டுப்போட்டு அமெரிக்காவுக்குப் போயி நைன் பால் ஆட ஆரம்பிச்சாங்க. ஏன்னா அங்க பொம்பளைங்க ஆட்டத்த ஈஎஸ்பிஎன் டீவில தொடர்ந்து காட்டுனாங்க, காசு இருந்துச்சு, ஸ்னூக்கர்ல பொம்பளைங்களுக்கு அப்ப ஒண்ணுமே இல்ல. அவங்களுக்குப் பின்னால கேரன் கோர், கெல்லி ஃபிஷர்னு வரிசையாப் போனாங்க. ஆக ஸ்னூக்கர் பெருசு பெருசுன்னு சொல்றீங்களே, யாருக்குப் பெருசுங்கறதயும் சேத்து சொல்லுங்க.

நான் காலேஜ் படிக்கறப்ப எயிட் பால் ஆடப் போவேன், நாங்க மூணு புள்ளைங்க. சின்ன டேபிள்னா ஓரமா நம்ம பாட்டுக்கு ஆடிட்டு வரலாம். ஒரு நாளு ஆசைக்கு பெரிய டேபிள் கேட்டா அந்தக் கடைக்காரரு 'துணி கிழிஞ்சுரும் பாப்பா'ன்னாரு. துணி கிழிக்கறதுக்கு க்யூவ கடப்பாரையாட்டம் புடிச்சாத்தான் உண்டு! பக்கத்துல ஒருத்தன் க்யூவ எப்படிப் புடிக்கறதுன்னே தெரியாம அடிச்சுட்டு இருந்தான், அவன ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு, அப்பறம் அந்தப் பக்கமே போகல. காஜாபட்டன் அண்ணா, உங்க பெரிய டேபிள் சும்மா கெடக்குதுன்னு சொன்னீங்களே, புதுசா வர்றவங்கள அதுல ஏத்தறீங்களா இல்ல நீங்களும் துணியக் காட்டித்தான் வெரட்டறீங்களா?


மேட்டுப்பாளையம்_பாக்குமண்டி:

இவ்ளோ பேசிட்டீங்க, ஸ்னூக்கர் நம்ம தலைக்கு மேல மலைல வளந்த ஆட்டம்னு ஒருத்தரும் சொல்லலியே. 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்னு ஒரு ஆர்மி ஆபீசரு (பின்னால வந்த இங்கிலாந்து பிரதமர் வேற ஆளு) மழக்காலத்துல பொழுது போகாம பில்லியர்ட்ஸ் பந்தோட கலரு பந்தச் சேத்து ஆரம்பிச்சது. அப்பறம் அவரு ஊட்டிக்கு வந்து, ஊட்டி கிளப் பில்லியர்ட்ஸ் ரூம்ல வெச்சுத்தான் சட்டத்த ஒழுங்குபடுத்தி எழுதி மாட்டுனாங்க. உலக சாம்பியன்ஷிப்பே 1927லதான் ஆரம்பிச்சுது, பாத்துக்கங்க. நான் ஒரு தாட்டி லோடு எறக்கிட்டு அந்த கிளப் கேட்டு வரைக்கும் போயி எட்டிப் பாத்தேன், மெம்பருக்கு மட்டும்னுட்டாங்க, டீக்குடிச்சுட்டு கல்லாறு வழியா எறங்கிட்டேன். பொள்ளாச்சிக்காரரு சொன்னாரே எது ஆட்டம்னே முடிவாகலைன்னு, ஸ்னூக்கருக்கு ஆரம்பத்துலயே ஒரு செவுத்துல சட்டத்த எழுதி மாட்டிட்டாங்க, அதுதான் வித்தியாசம்னு எனக்குப் படுது.


மார்க்கர்_பேரன்_கோவை:

பொள்ளாச்சி அண்ணா, மாஸ்கோனி கணக்கு நான் மறந்தே போயிட்டேன், ஒத்துக்கறேன். இப்ப நைன் பாலயும் கொஞ்சம் சரி பண்ணிட்டுத்தான் வர்றாங்க. ஸ்னூக்கர பெருசாக்குன அதே பாரி ஹெர்ன் ஆளுங்கதான் இதுலயும் எறங்கி பாக்கெட்ட நாலு இஞ்சுக்கு இறுக்கி வுட்டிருக்காங்க, முந்தி நாலரைக்கு மேல இருந்துச்சு. 2024ல ஜெட்டால உலக சாம்பியனுக்கு 2,50,000 டாலர். ஆனா குரூசிபிள்ல ஜெயிச்சா 5,00,000 பவுண்டுங்க, இன்னும் நெம்ப தூரம் போகோணும். வருசா வருசம் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடக்கற மாஸ்கோனி கப் மட்டும் போட்டுப் பாருங்க, அதுல கூட்டம் கத்தற கத்துக்கு உங்க பசங்க ரீல்ஸ் பாக்க மாட்டாங்க. அது சீக்கிரமா முடியற ஆட்டம், நாட்டுக்கு நாடு சண்டை, யாரு பக்கம்னு ஒடனே தெரிஞ்சுரும்.


காஜாபட்டன்_திருப்பூர்:

எல்லாருக்கும் நன்றிங்க, பத்து நாள் கழிச்சு வர்றேன், ஆர்டர் டைமு, பகல்ல கம்பெனி வேலை.

மொதல்ல ஈரோட்டு அம்மிணிக்கு. நீங்க கேட்டது சுருக்குனு பட்டுச்சு, ஏன்னா நாங்களும் அதேதான் சொல்லிட்டு இருந்தோம், புள்ளைங்கள மட்டும் இல்ல, புதுசா வர்ற எல்லாத்தையும். இப்ப மத்தியானம் 2லேர்ந்து 5 வரைக்கும் பெரிய டேபிள் பாதி ரேட்டு, யாரு வேணா ஆடலாம்னு எழுதி மாட்டிட்டேன். துணி இன்னும் கிழியல.

அப்பறம் அந்த ஸ்ட்ரெய்ட் ஆட்டத்த சின்ன டேபிள்ல பசங்களுக்கு சொல்லிக் குடுத்தேன். பேக்கரிலேர்ந்து ஒரு சிலேட்டு வாங்கி செவுத்துல ஆணி அடிச்சு மாட்டி, தப்பாம தொடர்ந்து எத்தன போடறாங்களோ அத பேரோட எழுதறது. மொத நாளு 6, மக்கா நாளு 9, நாலாம் நாளு செக்கிங் செக்‌ஷன்ல வேலை பாக்கற ஒரு பையன் 13 வரைக்கும் போயிட்டான். சொன்னா நம்ப மாட்டீங்க, 11ங்கறப்பவே அடுத்த டேபிள்காரங்க ஆட்டத்த நிறுத்திட்டாங்க, பஃப்ஸ் குடுக்க மேல வந்த பேக்கரிப் பையன் தட்ட கைல வெச்சுட்டே நிக்கறான். பதினாலாவது பாக்கெட் வாய்ல ரெண்டு ஆட்டம் ஆடிட்டு வெளிலயே நின்னுருச்சு, எல்லாரும் ஒட்டுக்கா 'அய்யோ'ன்னாங்க பாருங்க.

பெரிய டேபிள் கதையச் சொல்லோணும். மச்சான் கேக்கல, கரூர்லேர்ந்து ஒரு பார்ட்டிய ஞாயித்துக்கெழமை வரச் சொல்லிட்டாரு. வந்தவங்க குஷனத் தட்டிப் பாத்தாங்க, குனிஞ்சு டேபிள் துணிக்கு அடில இருக்கற சிலேட்டுக் கல்லப் பாத்தாங்க, ஒண்ணும் கொற சொல்ல முடியல. 'டேபிள் எப்படி ஓடுதுன்னு நானே காட்டறேன்'னு மச்சான் க்யூவ எடுத்து எறங்குனாரு. ரெட்டு, ப்ளாக்கு, ரெட்டு, பிங்க்குன்னு போயிட்டே இருக்குது, அவரு பெஸ்ட்டு 31, அது எனக்குத் தெரியும், இப்ப 29. வந்தவரு வெலைய சொல்லுங்கன்னு ரெண்டு தாட்டி கேட்டுட்டாரு. மச்சான் காதுலயே வாங்கல, சாக்பீஸ க்யூ நுனில தேச்சுக்கிட்டே குனிஞ்சு என்னையக் கேக்கறாரு, 'மாப்ள, மீதி எவ்வளவுடா கெடக்குது?'